விறகு வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு அடுப்பு, கல்யாணச் சமையல், டீக்கடை, ஓட்டல், பிரியாணிக் கடை என எதற்கு விறகு வாங்கினாலும் ஒரே சிக்கல்தான். காசு கொடுப்பது எடைக்கு, நமக்கு வேண்டியது சூடு. இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் நிற்கிறது. கீழே இருப்பவை தமிழ்நாட்டு விறகுக் கடைகளின் நடைமுறையை ஒட்டிய பதில்கள்.

விறகை எந்தக் கணக்கில் விற்கிறார்கள்?

சில்லறையாக வாங்கினால் கிலோ, மொத்தமாக வாங்கினால் டன். சில இடங்களில் ‘கட்டு’, ‘ஒரு லோடு’ என்றும் சொல்வார்கள். கட்டின் பருமனும் லோடின் உயரமும் கடைக்குக் கடை மாறும். எனவே இரண்டு கடைகளின் விலையை ஒப்பிட வேண்டுமானால், “உங்கள் லோடு எத்தனை கிலோ வரும்?” என்று கேட்டு, கிலோ விலையாக மாற்றிக்கொண்டு பேசுங்கள். எடை போட்டுத் தர முடியாது, லோடு கணக்கில்தான் தருவோம் என்று சொல்பவரிடம் முதல் முறை அதிகம் வாங்க வேண்டாம்.

பச்சை விறகு டன்னுக்கு ஆயிரம், இரண்டாயிரம் குறைவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் கிட்டத்தட்ட பாதி தண்ணீர். 45 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 1,000 கிலோ பச்சை விறகில் 450 கிலோ தண்ணீர், 550 கிலோ மரம். நன்றாகக் காய்ந்த விறகில் ஈரம் 20 சதவீதம் அளவில் நிற்கும். அந்த நிலைக்குக் காயும்போது உங்கள் ஒரு டன் சுமார் 690 கிலோவாகச் சுருங்கியிருக்கும்.

இழப்பு அதோடு முடிவதில்லை. உள்ளே இருக்கும் தண்ணீரை ஆவியாக்கவும் விறகே எரிய வேண்டும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 600 கிலோ கலோரி சூடு போகிறது. இதைக் கழித்துப் பார்த்தால், 20 சதவீத ஈரமுள்ள விறகு கிலோவுக்குச் சுமார் 3,400 கிலோ கலோரி தரும். 45 சதவீத ஈரமுள்ள பச்சை விறகு சுமார் 2,150தான் தரும்.

இப்போது விலை. கணக்குக்காகப் பச்சை டன் 6,000 ரூபாய், காய்ந்தது 8,000 ரூபாய் என்று கொள்வோம். சூட்டை வைத்துப் பார்த்தால், காய்ந்த விறகு டன் சுமார் 9,500 ரூபாய் விற்றாலும் பச்சைக்குச் சமம்தான். 8,000க்குக் கிடைப்பது தெளிவான லாபம். பச்சையை வாங்கி நாமே காயவைத்தாலும், 6,000 ரூபாய்க்கு 690 கிலோ என்பது டன்னுக்கு 8,700 ரூபாயைத் தொடும். இடமும் இரண்டு மாதக் காத்திருப்பும் தனி. இடமும் வெயிலும் இருந்து, விலை வித்தியாசம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் மட்டும் பச்சை வாங்குங்கள். அடுத்த வாரமே எரிக்கப் போகிறீர்கள் என்றால் எந்த விலைக்கும் வேண்டாம்.

கடைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அவர் பச்சையாக வாங்கிப் போட்ட மரம் நாளுக்கு நாள் எடை குறைகிறது. காயவைத்து விற்பவர் அந்த நட்டத்தை விலையில் ஏற்றித்தான் ஆக வேண்டும். காய்ந்த விறகுக்குக் கூடுதல் விலை கேட்பது ஏமாற்று அல்ல. பச்சையைக் காய்ந்தது என்று சொல்லி அந்த விலைக்கு விற்பதுதான் ஏமாற்று.

காய்ந்த விறகு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

குவியலின் மேலே கிடக்கும் கட்டையைப் பார்க்காதீர்கள். அது எல்லாக் கடையிலும் காய்ந்துதான் இருக்கும். நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் இரண்டிரண்டு கட்டைகளை உருவி எடுக்கச் சொல்லுங்கள்.

முதலில் வெட்டுமுனையைப் பாருங்கள். காய்ந்த கட்டையில் நடுவிலிருந்து ஓரம் நோக்கி வெடிப்பு ஓடியிருக்கும், முனை சாம்பல் பூத்து மங்கியிருக்கும். பச்சைக் கட்டையின் முனை வழவழப்பாக, நிறம் மாறாமல், விரல் வைத்தால் சில்லென்று இருக்கும். அடுத்து பட்டை: காய்ந்ததில் நகத்தால் நெம்பினாலே கழன்று வரும், பச்சையில் ஒட்டிக்கொண்டு நாராக உரியும். பிறகு இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். ‘ணங்’ என்று ஒலித்தால் காய்ந்தது, ‘தொப்’ என்று அமுங்கினால் உள்ளே தண்ணீர்.

முனை வெடிப்பை மட்டும் நம்ப வேண்டாம். வெளிமுனை இரண்டு வாரத்தில் வெடித்துவிடும், உள்ளே பச்சையாகவே இருக்கும். கை மணிக்கட்டை விடப் பருத்த கட்டை என்றால் ஒன்றையாவது நடுவில் பிளக்கச் சொல்லி, பிளந்த முகத்தைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். குளிர்ச்சி தெரிந்தால், புதுமர வாசனை அடித்தால், அது இன்னும் காயவில்லை. கோடாலி எடுத்து ஒரு கட்டை பிளந்து காட்டத் தயங்கும் கடையில் பேரம் பேசிப் பயனில்லை.

ஈரம் அளக்கும் கருவி வாங்கலாமா?

மாதம் ஒரு டன்னுக்கு மேல் வாங்கும் ஓட்டல்களுக்கு வாங்கலாம். இரண்டு ஊசி உள்ள சின்னக் கருவி போதும். புதிதாகப் பிளந்த முகத்தின் நடுவில் ஊசியை அழுத்திப் பாருங்கள். பட்டையிலோ வெளிமுனையிலோ குத்தினால் தவறான எண்தான் வரும். இன்னொன்று: இந்தக் கருவிகள் தண்ணீரை உலர்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டுச் சதவீதம் காட்டுகின்றன. மேலே சொன்ன கணக்கு மொத்த எடையில் தண்ணீரின் பங்கு. ஆகவே கருவி 25 காட்டினால் நம் கணக்கில் 20 சதவீதம். 25க்குக் கீழே இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

கருவி இல்லாத வீட்டில் சமையலறைத் தராசு போதும். பிளந்த கட்டை ஒன்றை எடை போட்டு, முனையில் எடையை எழுதி, வெயிலில் வையுங்கள். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். 1,000 கிராம் கட்டை 700 கிராமுக்கு வந்து அங்கேயே நின்றால், வாங்கும்போது அது பச்சை. 950இல் நின்றால் கடைக்காரர் சொன்னது உண்மை.

எந்த மர விறகு நல்லது?

காய்ந்த நிலையில் ஒரு கிலோ மரம் தரும் சூடு மரத்துக்கு மரம் பெரிதாக மாறாது. மாறுவது எரியும் வேகமும், தணல் நிற்கும் நேரமும், புகையும்தான்.

சவுக்கு: கடலூர், விழுப்புரம், செங்கல்பட்டு கடலோர மணலில் பயிராகிறது. நேரான கட்டை, அடர்த்தியான மரம், நீண்ட சுவாலை. ஓரளவு ஈரம் இருந்தாலும் பிடித்துக்கொள்ளும் என்பதால் கல்யாணச் சமையல்காரர்கள் முதலில் கேட்பது இதைத்தான். பருத்த சவுக்கு சாரம் கட்டவும் காகித ஆலைக்கும் போய்விடுவதால், விறகுக் கடைக்கு நுனிக்கட்டையும் கிளையும் வேரும் அதிகம் வருகின்றன. மிலாறு (மெல்லிய கிளைக்குச்சி) பற்றவைக்க நல்லது. ஆனால் கட்டை விலைக்கு மிலாறை எடை போட்டுத் தந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சீமைக்கருவேலம் (வேலிகாத்தான்): ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம் தாராளம். கரிமூட்டம் போட்டுக் கரி எடுப்பதும் இதில்தான். சூடும் தணலும் அருமை. கோணல்மாணலாக இருப்பதால் அடுக்க இடம் அதிகம் பிடிக்கும். முள் நீக்கியதா என்று பார்த்து வாங்குங்கள். அந்த முள் செருப்பைத் துளைக்கும், வண்டி டயரையும் பஞ்சராக்கும், காலில் முறிந்து தங்கினால் சீழ் வைக்கும்.

புளி: பிளக்கப் பாடுபடுத்தும், தணல் மணிக்கணக்கில் நிற்கும். பிரியாணிக்கு மூடி மேல் தணல் போட்டுத் தம் வைக்கிறவர்கள் புளியையும் கருவேலத்தையும் விரும்புவது இதனால்தான். பிளந்து வாங்குங்கள், உருட்டுக்கட்டையாக வாங்கி வீட்டில் மல்லுக்கட்ட வேண்டாம்.

மா, வேம்பு, தைலமரம்: காய்ந்திருந்தால் நன்றாகவே எரியும், தணல் சீக்கிரம் சாம்பலாகும். ரப்பர் விறகு கன்னியாகுமரி மாவட்டத்தில் சாதாரணம். எளிதில் பிளக்கும், ஆனால் ஈரத்தோடு அடுக்கினால் சில நாளிலேயே பூஞ்சை பிடித்து நாறும். முருங்கை, இலவம் போன்ற பஞ்சுக் கட்டைகள் கலந்திருந்தால் எடுத்துப் போடச் சொல்லுங்கள். அவை சீக்கிரம் எரிந்து தீரும், தணலும் நிற்காது.

தேங்காய் மட்டை, பாளை, கொட்டாங்குச்சி இவை பற்றவைக்கத்தான். இவற்றை மட்டும் வைத்து ஒரு அண்டா சோறு வடிக்க முடியாது.

சமையலுக்கு வாங்கவே கூடாதவை?

அரளி. அதன் எல்லாப் பாகமும் நஞ்சு, புகையும் ஆகாது. கடலோரச் சதுப்பில் வளரும் தில்லை மரத்தின் பாலும் புகையும் கண்ணைக் கெடுக்கும். எட்டி மரமும் வேண்டாம்.

நகரங்களில் இவற்றைவிட அதிகம் வருவது பழைய வீட்டு மரம், பிளைவுட் துண்டு, பெயின்ட் அடித்த கதவு, ஜன்னல். விலை மலிவு, நன்றாகக் காய்ந்ததுதான். ஆனால் பழைய பெயின்டில் ஈயம் இருக்கும், பிளைவுட்டில் பசை இருக்கும். கரையான் மருந்து ஏற்றிய மரமும் வரும், பார்வைக்குத் தெரியாது. இவற்றின் புகையில் சமைத்த சோற்றை யாருக்கும் போட வேண்டாம். பெயின்ட் இல்லாத பழைய மரம் என்றால் ஆணிகளைப் பிடுங்கிய பிறகே எரியுங்கள். சாம்பலில் தங்கிய ஆணி, சாம்பல் அள்ளுகிறவர் கையைக் கிழிக்கும்.

எவ்வளவு விறகு தேவைப்படும்?

100 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க 7,000 கிலோ கலோரி வேண்டும். மூன்று கல் கூட்டிய திறந்த அடுப்பில் விறகின் சூட்டில் 10 முதல் 15 சதவீதம்தான் பாத்திரத்துக்குப் போய்ச் சேரும். 12 சதவீதம் என்று வைத்தால், காய்ந்த விறகு 17 கிலோ. அதே வேலைக்குப் பச்சை விறகு 27 கிலோவுக்கு மேல். பக்கச்சுவரும் கம்பித்தட்டும் உள்ள நல்ல அடுப்பில் 25 சதவீதம் சேர்ந்தால், 8 கிலோவில் முடியும். விறகு விலையில் பத்து ரூபாய் குறைக்கப் பேசுவதைவிட, காற்றடிக்கும் பக்கத்தைத் தகரத்தால் மறைப்பது அதிக மிச்சம் தரும்.

கல்யாணச் சமையலுக்கு, மெனுவில் கொதிக்க வேண்டிய தண்ணீரையும் குழம்பு, ரசம், பாயசத்தையும் லிட்டரில் கூட்டி இந்தக் கணக்கில் போடுங்கள். கொதி வந்தபின் வேகவைக்கவும் பொரிக்கவும் அதில் பாதி சேர்த்துக்கொள்ளுங்கள். வந்த எண்ணைச் சமையல் மாஸ்டரிடம் காட்டிக் கேளுங்கள். அவர் தன் அடுப்பை அறிந்தவர், அவர் சொல்லும் திருத்தமே சரி.

கேஸோடு ஒப்பிட விரும்புகிறவர்களுக்கு: 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று செய்யும் வேலைக்கு, திறந்த அடுப்பில் காய்ந்த விறகு 230 கிலோ அளவில் தேவை. நல்ல அடுப்பில் அதில் பாதி போதும்.

எடையில் என்னென்ன தவறு நடக்கும்?

டன் கணக்கில் வாங்கினால் எடைமேடைச் சீட்டு இரண்டு எடைகளைக் காட்ட வேண்டும்: சுமையோடு ஒன்று, காலி வண்டி ஒன்று. இரண்டிலும் வண்டி எண், தேதி, நேரம் இருக்கும். காலி எடையை எப்போதோ போட்ட பழைய சீட்டிலிருந்து எடுத்துக்கொள்வதை ஏற்காதீர்கள். சுமையோடு நிற்கும்போது டிரைவரும் இரண்டு லோடுமேன்களும் வண்டியில் உட்கார்ந்திருந்து, காலி எடையின்போது இறங்கிவிட்டால், அந்த 200 கிலோ உங்கள் தலையில். இரண்டு முறையும் எல்லாரும் கீழே நிற்கட்டும். ஸ்டெப்னி, தண்ணீர்க் கேன், நனைந்த தார்ப்பாய் இவையும் இரண்டு முறையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பெரிய எடைமேடை ஐந்து, பத்து கிலோ படியில்தான் எடை காட்டும். 200, 300 கிலோ வாங்குகிறவருக்கு அது சரிவராது, கடையில் உள்ள மேடைத்தராசே நல்லது. அதில் ஏற்றும் முன் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் பிரிக்காத 25 கிலோ அரிசிச் சிப்பத்தை நடுவிலும் நான்கு மூலையிலும் வைத்துப் பார்த்தால் தராசின் குணம் தெரிந்துவிடும். மின்னணுத் தராசுக்கும் எடைமேடைக்கும் ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை இட வேண்டும். அந்தச் சான்றிதழ் கடையில் பார்வைக்கு இருக்க வேண்டும்.

தராசு சரியாக இருந்தும் எடை பொய்யாவது உண்டு. வேர்க்கட்டையில் அப்பிய மண், நேற்றிரவு அடித்த தண்ணீர், குவியலின் அடியில் பச்சை. வேர்க்கட்டையை மண் தட்டிய பிறகே தராசில் ஏற்றச் சொல்லுங்கள்.

டாட்டா ஏஸில் ஒன்றரை டன் ஏற்றி அனுப்புகிறேன் என்கிறார். நம்பலாமா?

அந்த வண்டியின் சாதாரண மாடலில் அனுமதிக்கப்பட்ட சுமை சுமார் 700, 750 கிலோ. ஒன்றரை டன் என்றால் எடை பொய், அல்லது வண்டி அளவுக்கு மீறிய சுமையோடு சாலையில் வருகிறது. இரண்டு நடையாக அனுப்பச் சொல்லுங்கள்.

விலையில் எவையெல்லாம் அடங்கும்?

இதைப் போனிலேயே கேட்டுவிடுங்கள்: பிளப்புக்கூலி, ஏற்றுக்கூலி, வண்டி வாடகை, இறக்குக்கூலி. கடை விலை குறைவாகத் தெரிந்து, நான்கு கூலியும் சேர்ந்ததும் பக்கத்துக் கடையைத் தாண்டிவிடும். வண்டி தெருவில் கொட்டிவிட்டுப் போகுமா, உள்ளே அடுக்கித் தருவார்களா என்பதும் தனிக்கேள்வி. விறகுக்கு ஜிஎஸ்டி கிடையாது. பில்லில் வரி என்று ஒரு தொகை இருந்தால் எதற்கென்று கேளுங்கள்.

எந்த நீளத்தில் வெட்டச் சொல்வது?

வீட்டு அடுப்புக்கு ஒன்று, ஒன்றேகால் அடி. கல்யாணச் சமையலுக்குப் போடும் பெரிய கோட்டை அடுப்புக்கு இரண்டரை, மூன்று அடி. பருமன் மணிக்கட்டு அளவு போதும். தணலுக்காகச் சில பருத்த கட்டைகள் இருக்கட்டும். அடுப்புவாயை டேப் வைத்து அளந்துவிட்டுச் சொல்லுங்கள். நீளம் கூடினால் விறகின் வால் வெளியே நீட்டி எரிந்து, சூடு முழுக்கத் தெருவுக்குப் போகும்.

எந்த மாதத்தில் வாங்குவது நல்லது?

ஏப்ரல் முதல் ஜூன் வரை. பிளந்து அடுக்கினால் அந்த வெயிலில் ஆறு முதல் எட்டு வாரத்தில் காய்ந்துவிடும். உருட்டுக்கட்டையாக விட்டால் ஆறு மாதம் ஆனாலும் உள்ளே ஈரம் நிற்கும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்த பிறகு வாங்குகிறவருக்கு விலையும் அதிகம், விறகும் நனைந்தது. ஐப்பசி, கார்த்திகைக்குத் தேவையானதை ஆடிக்குள் கூரைக்குக் கீழே சேர்த்துவிடுங்கள்.

எப்படி அடுக்கி வைப்பது?

தரையில் நேராக வைக்காதீர்கள். இரண்டு வரிசை செங்கல், அதன் மேல் குறுக்குக் கட்டை, அதன் மேல் விறகு. சுவரிலிருந்து நான்கு விரல் இடைவெளி விடுங்கள், பட்டை மேலே பார்க்கட்டும். தார்ப்பாய் மேலே மட்டும். நான்கு பக்கமும் போர்த்திக் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். கீற்றுக் கொட்டகையின் ஓரத்திலும் கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

குவியலில் தேளும் பாம்பும் தங்கும். கையை இடுக்கில் விட்டு உருவாமல், ஒரு குச்சியால் தட்டிவிட்டு மேலிருந்து எடுங்கள். இரவில் டார்ச் இல்லாமல் போகாதீர்கள். மாவு கொட்டும் உளுத்த கட்டைகளை முதலில் எரித்துவிடுங்கள். சமையல் விறகில் பூச்சிமருந்து தெளிக்கவே கூடாது.

காய்ந்த விறகுதான், ஆனாலும் புகைகிறது. ஏன்?

அடுப்பு வாயை விறகால் அடைத்திருப்பீர்கள். கீழே காற்று போக இடம் இல்லை. கட்டைகளைக் குறைத்து, அடியில் சாம்பலை இழுத்துவிட்டு, விறகுகளுக்கு இடையே விரல் நுழையும் சந்து விடுங்கள். அப்படியும் கட்டையின் முனையில் நுரை கட்டிச் ‘சுர்’ என்று சத்தம் வந்தால் விறகில் ஈரம் இருக்கிறது. கதவு, ஜன்னல் மூடிய அறையில் தணலை வைத்துக்கொண்டு தூங்க வேண்டாம். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு வாசனை கிடையாது.

சட்டச் சிக்கல் ஏதாவது வருமா?

சவுக்கு, சீமைக்கருவேலம் போன்ற விறகில் வாங்குகிறவருக்குப் பெரும்பாலும் இல்லை. சந்தனம், செம்மரம், தேக்கு, ஈட்டி இவற்றின் துண்டு, கிளை எதுவும் விறகோடு விறகாக வந்தால் ஏற்காதீர்கள். காட்டு மரத்தை வண்டியில் கொண்டுபோக 1968ஆம் ஆண்டு விதிகளின்படி வனத்துறையின் அனுமதிச்சீட்டு வேண்டும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி தேவை.

எடை குறைந்தது, பச்சை வந்தது. யாரிடம் சொல்வது?

முதலில் கடைக்காரரிடம், இறக்கும் முன்பே. வண்டி வந்ததும் அடியிலிருந்து மூன்று கட்டை எடுத்துப் பாருங்கள். பேசியதுபோல் இல்லையென்றால் அப்படியே திருப்பி அனுப்பலாம். இறக்கி அடுக்கிய பிறகு பேச்சு எடுபடாது. தராசு, எடைக்கல் முத்திரைப் புகார்களைத் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை பார்க்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915. எடைச் சீட்டும், ‘காய்ந்த சவுக்கு, பிளந்தது’ என்று எழுதிய பில்லும் கையில் இருந்தால் புகாருக்குப் பலம்.

கல்யாணத்தில் மீந்த விறகைத் திருப்பி எடுப்பாரா?

பல கடைகளில் எடுப்பார்கள், வாங்கும்போதே பேசியிருந்தால். எத்தனை நாளுக்குள், கிலோவுக்கு எவ்வளவு கழிப்பார், திருப்பும் வண்டி வாடகை யாருடையது என்று மூன்றையும் பில்லின் பின்பக்கம் எழுதி வாங்குங்கள். பாதி எரிந்த கட்டையையும் மழையில் நனைந்ததையும் எடுக்கமாட்டார்கள். எனவே முழு லோடையும் அடுப்படியில் கொட்டாமல், தேவைக்குத் தேவை எடுத்துப் போட ஒருவரை நிறுத்தி, மிச்சத்தைத் தார்ப்பாய்க்குக் கீழே வைத்திருங்கள்.